கன்ட்ரோலரைப் புடுங்காதீங்க சாமி!

மக்களே, ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுக்கிட்டே இருந்த மேட்டர் இது. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் தள்ளிப் போயிட்டே இருந்துச்சு. போன வாரம் பக்கத்து சீட்டுப் பையன் (புது மாப்பிள்ளை) வந்து, "பாஸ், வைஃபுக்கு டயப்ளோ சொல்லித் தரலாம்னு இருக்கேன். எந்த கிளாஸ் குடுத்தா ஈஸியா இருக்கும்?"னு கேட்டான். இதே கேள்வியை நானும் ஒரு காலத்துல கூகுள்கிட்ட கேட்டிருக்கேன். கேள்வியே தப்புன்னு புரியறதுக்கு எனக்குப் பல மாசம் ஆச்சு. அவனுக்கு டீ பிரேக்ல அவசர அவசரமா சொன்னதை இங்க கொஞ்சம் விலாவாரியா எழுதிடறேன்.

டிஸ்கி: கேம் ஆடாதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடாதீங்க. இதுல பாதி எங்க வீட்டு ஹால்ல நடந்த கதை.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. டயப்ளோங்கறது ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி. வகை. மொட்டை மாடிலேர்ந்து கீழ பார்க்கற மாதிரி ஒரு கோணம். ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து, பாழடைஞ்ச கோயில், சுடுகாடு, குகைன்னு போய் பிசாசுகளை அடிக்கணும். அடிச்சா கத்தி, கவசம், காசு கொட்டும். அதை மாட்டிக்கிட்டு இன்னும் பெரிய பிசாசை அடிக்கணும். அவ்வளவுதான் சார் கதை. பிளிஸார்ட் கம்பெனியோட சரக்கு. ரெண்டாவது பாகம் 2000ல, மூணாவது 2012ல, நாலாவது 2023ல வந்துச்சு. ஜோடியா ஒரே சோஃபால உக்காந்து ஆட எனக்குப் பிடிச்சது மூணாவதுதான். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் எதுலயும் ஒரே டிவில நாலு பேர் வரைக்கும் ஆடலாம், நெட் கூட வேணாம். நாலாவது பாகத்துல ஒரே டிவில ரெண்டு பேர்தான். நெட் கட்டாயம், ஆளுக்கொரு அக்கவுன்ட்டும் வேணும். ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு பேர் ஆடற கதை ரெண்டுலயுமே கிடையாது. கன்சோல் இருக்கணும்.

சரி, கதைக்கு வருவோம்.

எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாசம் ஆன சமயம். பெரியவங்க பார்த்துப் பண்ணி வச்ச கல்யாணம். ரெண்டு பேருக்குமே பொட்டி தட்டுற பொழப்பு. பள்ளிக்கரணைல வாடகை வீடு. ராத்திரி ஒம்பது மணிக்கு மேல ஹால்ல ரெண்டு ஆளு, ரெண்டு மொபைல். சண்டை எல்லாம் இல்ல. சண்டை போடற அளவுக்குப் பழக்கமே இல்லைங்கறதுதான் உண்மை. "சாப்டீங்களா", "நாளைக்குக் காலைல மீட்டிங்கா", "கேஸ் புக் பண்ணியாச்சா". இவ்வளவுதான் டயலாக்.

ஒரு சனிக்கிழமை தங்கமணியே கேட்டா: "ஏங்க, அந்தக் கருப்புப் பொட்டியை வாராவாரம் துடைச்சு வைக்கறீங்க, ஆடவே மாட்டேங்கறீங்களே?"

எனக்குத் தலைகால் புரியல. ஹாஸ்டல் காலத்துலேர்ந்து ஆடற கேம். லெவல் 70 விஸார்ட் ஒன்னு வச்சிருக்கேன், அதுக்கு மேல பாரகான் லெவல் வேற மலை மாதிரி கெடக்கு. அவளுக்குன்னு ஒரு ஆள் உருவாக்க உக்காந்தோம். கிளாஸ் லிஸ்ட்டைப் பார்த்துட்டு பார்பேரியன் பொண்ணு கிட்ட நின்னா. "இந்தம்மா நல்லாருக்காங்களே, ஆஜானுபாகுவா!"

"அய்யோ, அது கிட்டப் போய் அடிக்கணும், சும்மா சும்மா செத்துடுவே. டீமன் ஹன்ட்டர் எடு. வில்லை வச்சுக்கிட்டு தூர நின்னு அடிக்கலாம், சேஃப்."

"சரிங்க."

பேரையும் நானே டைப் பண்ணேன். அப்புறம் என் லெவல் 70 விஸார்டை இறக்கி, கண்ணுல பட்டதையெல்லாம் கொளுத்த ஆரம்பிச்சேன். நான் அடிச்சதுக்கெல்லாம் அவளுக்கும் பாயின்ட் ஏறுச்சு. அரை மணி நேரத்துல அவ லெவல் முப்பதைத் தாண்டியாச்சு. "பார்த்தியா! இதுக்கு எனக்கு ஹாஸ்டல்ல ரெண்டு நாள் ஆச்சு!"ன்னு பெருமையா திரும்பினேன்.

"சரிங்க. இப்ப நான் என்னங்க பண்ணேன்?"

மரமண்டை எனக்கு அது கேள்வின்னு கூட ஒறைக்கல. முப்பது லெவல் தாண்டினவளுக்கு மருந்து குடிக்கற பட்டன் எதுன்னு தெரியாது. அது தெரியற அளவுக்கு ஒரு அடி கூட அவ மேல விழ நான் விடல.

மறுநாள் இன்னும் மோசம். "இந்தப் பக்கம் வா", "அதை எடுக்காத, வேஸ்ட்டு", "ஓடு ஓடு", "இரு, குடு, நான் பண்றேன்". மூணாவது நாள் "தலை வலிக்குதுங்க"ன்னா. நாலாவது நாள் நான் கேக்கல. திரும்ப ஹால்ல ரெண்டு மொபைல்.

ரெண்டு மாசம் கழிச்சு மாமனார் கோயமுத்தூர்லேர்ந்து தன்னோட பழைய காரை எங்களுக்குக் குடுத்து அனுப்பினார். எனக்கு பைக் மட்டும்தான் தெரியும். தங்கமணி காலேஜ் படிக்கும்போதே அவங்கப்பாகிட்ட கத்துக்கிட்டவ, சூப்பரா ஓட்டுவா. எல்.எல்.ஆர். எடுத்துட்டு, ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு வீடே வராத ஒரு லேஅவுட் ரோட்டுல எனக்கு கிளாஸ் ஆரம்பிச்சா. நான் வண்டியை எத்தனை தடவை ஆஃப் பண்ணேன்னு கணக்கே இல்ல. அவ பக்கத்து சீட்ல கையை மடில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. எதிர்ல ஒரு தண்ணி லாரி திரும்புச்சு. எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. அவ "பிரேக்"னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது கேட்டேன், "ஏன் நீ ஸ்டியரிங்கையே பிடிக்கல? பயமா இல்லையா?"

"பயம்தான். நான் பிடிச்சா வண்டி நேரா போகும், நீங்க கத்துக்க மாட்டீங்க. எங்கப்பா என் கைலேர்ந்து ஒரு தடவை கூட ஸ்டியரிங்கை வாங்கினதில்ல." அப்புறம் டம்ளரைக் கீழ வச்சுட்டு, "நீங்க ஒரே நைட்ல நாலு தடவை அந்த ஜாய்ஸ்டிக்கை வாங்கினீங்க"ன்னா.

அவளுக்கு டெஸ்டிங்ல வேலை. எண்ணாம விடுவாளா! செவுள்ல விட்ட மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி புதுசா ஆரம்பிச்சோம். அதுக்கப்புறம் கத்துக்கிட்டதுதான் கீழ வர்ற சமாச்சாரம். எல்லாமே ஏற்கெனவே ஆடத் தெரிஞ்ச ஆளுக்கான அட்வைஸ். புதுசா ஆடறவங்களுக்கு அட்வைஸே தேவையில்ல, அவங்க பாட்டுக்குக் கத்துப்பாங்க. அதைக் கெடுக்கறது நாமதான்.

1. பழைய பெருமையை மூட்டை கட்டுங்க. ரெண்டு பேரும் லெவல் ஒன்னுலேர்ந்து ஆரம்பிக்கணும். அதோட, தெரிஞ்ச ஆள் இதுவரைக்கும் தொடாத கிளாஸை எடுக்கணும். நான் விட்ச் டாக்டர் எடுத்தேன். தவளையை வீசறது, செத்த நாயை எழுப்பி விடறதுன்னு எனக்கே எல்லாம் புதுசு. ரெண்டு பேரும் சேர்ந்து முழிக்கறதுல ஒரு சுகம் இருக்கு பாருங்க, அது லெவல் 70ல கிடைக்காது.

2. கிளாஸை அவங்களே எடுக்கட்டும். "புது ஆளுக்கு ஈஸியானதைக் குடு, பின்னாடி நிறுத்து"ங்கற அட்வைஸை எங்க போனாலும் பார்க்கலாம். எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்ல. தப்பா எடுத்தா என்னங்க ஆயிடும்? ரெண்டாவது பாகத்துல ஸ்கில் பாயின்ட்டைத் தப்பா போட்டா போட்டதுதான், 2010ல வந்த 1.13 பேட்ச் வரைக்கும் திரும்ப எடுக்க முடியாது. மூணாவது பாகத்துல எப்ப வேணா ஸ்கில்லை மாத்தலாம், பைசா செலவில்ல. பிடிக்கலைன்னா வேற ஆளை உருவாக்கிட்டுப் போறாங்க. தங்கமணி அந்த ஆஜானுபாகு அம்மாவையே எடுத்தா. பேரும் அவளே வச்சா (அவளோட பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் பேராம், காரணம் கேக்கல). இப்ப அவ முன்னாடி எகிறிக் குதிச்சு அடிக்கறா, நான் பின்னாடி தவளை வீசிக்கிட்டிருக்கேன்.

3. சாக விடுங்க. மூணாவது பாகத்துல செத்தா கவசம் கொஞ்சம் தேயும், ஊருக்குள்ள போய் காசு குடுத்து சரி பண்ணிக்கலாம். கூட ஆடறவங்க பக்கத்துல போய் பட்டனை அழுத்திப் பிடிச்சா எழுப்பியும் விடலாம். புதுசா ஆடறவங்க செத்தாத்தான் எதனால செத்தோம்னு தெரியும். முக்கியமா நீங்களும் சாவீங்க. எலும்புக்கூடு ராஜா லியோரிக்கிட்ட நான்தான் முதல்ல விழுந்தேன். "இருங்க இருங்க, வரேன் வரேன்!"னு அவ ஓடி வந்து எழுப்பினப்ப இருந்த சந்தோஷம் இருக்கே, இத்தனை மாசத்துல அவ என்கிட்ட கத்திப் பேசினது அதான் முதல் தடவை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஹார்ட்கோர் பக்கம் மட்டும் போயிடாதீங்க. அதுல செத்தா ஆள் செத்ததுதான். குடும்பத்துக்கு ஆகாது.

4. கேட்டா மட்டும் சொல்லுங்க. இதுதான் கஷ்டமானது. குட்டிப் பிசாசுக் கூட்டம் ஒன்னு வரும், ஃபாலன்னு பேரு. எத்தனை அடிச்சாலும் திரும்ப எழுந்து வருவானுங்க, ஏன்னா பின்னாடி ஒரு பூசாரி நின்னு எழுப்பி விட்டுக்கிட்டே இருப்பான். எனக்குத் தெரியும். நாக்கு நுனில நிக்குது. பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மூணாவது கூட்டத்துல, "ஏங்க, அந்தக் குச்சி வச்சிருக்கறவன்தாங்க ரூட் காஸ்!"னு கத்திக்கிட்டே எகிறிப் போய் அவன் மண்டைல ஒன்னு போட்டா. நான் முன்னாடியே சொல்லியிருந்தா அது ஒரு தகவல். அவளா கண்டுபிடிச்சதால அதை இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டிக்கிட்டிருக்கா.

5. அவங்க பையில கை வைக்காதீங்க. எடுத்த பொருளைப் பார்க்க ஒருத்தர் பையைத் திறந்தா இன்னொருத்தர் காத்திருக்கணும், இது மூணாவது பாகத்துல ஒரு தொல்லை. அதுக்கு ரெண்டு வழி. சின்னச் சின்ன மாத்தத்தை டி-பேட்ல வர்ற குட்டி மெனுவுலயே முடிச்சுக்கலாம், பை திறக்க வேணாம். மத்ததை ஊருக்குள்ள வந்தப்புறம் ஆறஅமரப் பார்த்துக்கலாம்னு பேசி வச்சுக்குங்க. (நாலாவது பாகத்துல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆளுக்குப் பாதி ஸ்கிரீன்ல திறந்துக்கலாம், அந்த வகைல தேவலை.) அவங்க பார்க்கற நேரத்துல பெருமூச்சு விடக் கூடாது. தங்கமணி ஒரு கொம்பு வச்ச தொப்பியைப் பல லெவலுக்கு மாத்தவே இல்ல. "நல்லாருக்குங்க"ன்னா. நல்லாருக்குன்னா நல்லாருக்கு, அவ்வளவுதான்.

6. ஓடாதீங்க. ஸ்கிரீன் ஒன்னுதான், நீங்க ஓடினா அவங்களை இழுத்துக்கிட்டு ஓடற மாதிரி. வழில கெடக்கற டைரி, ஏடுகளை எடுத்தா அதைக் குரல்ல படிச்சுக் காட்டும். இத்தனை வருஷத்துல நான் ஒன்னைக் கூட முழுசா கேட்டதில்ல. அவ ஒவ்வொன்னுக்கும் நின்னு கேட்டா. லியான்னு ஒரு பொண்ணு வருவா, அவ டைரிய முழுசா கேட்டா. கடைசில எனக்கே அப்பதான் கதை புரிஞ்சுச்சு. ஆனா ஒன்னு, புதையல் மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடற கோப்ளின் வந்தா மட்டும் எந்த விதியும் செல்லாது. நான் "அந்தப் பக்கம் இன்னும் பார்க்கல, போகாத"ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள ஹெட்மிஸ்ட்ரஸ் பத்து பிசாசு சூழ நின்னுக்கிட்டு அவனை வெளுத்துக்கிட்டிருப்பா.

7. ஜோடிக் கணக்கைத் தனியா தொடாதீங்க. அவங்க தூங்கினப்புறம் "ஒரு அரை மணி நேரம் மட்டும்"னு நீங்க அந்த ஆளை எடுத்து ஆடினா, மறுநாள் திரும்ப நீங்க ஆசிரியர், அவங்க மாணவி. உங்களுக்குக் கை அரிச்சா உங்க பழைய ஆளை எடுத்து ஆடிக்குங்க. "ஈஸியா ஆடினா எனக்கு போரடிக்கும் பாஸ்"னு சொல்றவங்களுக்கும் இதே பதில்தான். சவால் வேணும்னா தனியா போய் டார்மென்ட்ல தலையை முட்டிக்குங்க.

இன்னொரு விஷயம். தெரிஞ்ச ஆள் புருஷன், தெரியாத ஆள் பொண்டாட்டின்னு இல்ல. என் காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தி பக்கா கேமர். அவ வீட்டுக்காரர் ரெண்டே நாள்ல "எனக்கு இதெல்லாம் வராதும்மா"ன்னு எழுந்து போயிட்டாராம். விசாரிச்சா அங்கயும் அதே "குடு, நான் பண்றேன்" கேஸ்தான்.

டயப்ளோவோட ரத்தக் களறி வேணாங்கறவங்க 2020ல வந்த மைன்கிராஃப்ட் டன்ஜியன்ஸ்லேர்ந்து ஆரம்பிக்கலாம். கிளாஸே கிடையாது, மாட்டற பொருளை வச்சுத்தான் எல்லாம். பாத் ஆஃப் எக்ஸைல் 2, 2024 டிசம்பர்ல வந்துச்சு, அதுலயும் ரெண்டு பேர் சேர்ந்து உக்காந்து ஆடலாம். ஆனா அந்த ஸ்கில் மரத்தை முதல் நாளே புது ஆள்கிட்ட காட்டினீங்கன்னா நான் பொறுப்பில்ல.

மூணாவது பாகத்துல ஒரு வேடிக்கை இருக்கு. தனியா ஆடினா கூட வர்றதுக்கு டெம்ப்ளர்னு ஒருத்தனைத் தருவாங்க. சொன்ன பேச்சைக் கேப்பான், எதிர்த்துப் பேச மாட்டான். இன்னொரு மனுஷர் ஆட்டத்துக்குள்ள வந்த உடனே அவன் கெளம்பிடுவான். நான் முதல் தடவை தங்கமணியைக் கூப்பிட்டப்ப எனக்குத் தேவைப்பட்டது அந்த டெம்ப்ளர்தான்னு இப்ப தோணுது.

ரெண்டாவது ஆக்ட்ல கால்டியம் பக்கம் பாலைவனத்துல நடந்துக்கிட்டிருந்தோம். பெருசா பிசாசு ஒன்னும் இல்ல. ரெண்டு பேர் கண்ணும் டிவில. அப்ப அவ மெதுவா, "எனக்கு இந்த வேலை பிடிக்கலைங்க. டிசைன் படிக்கணும்னு ஆசை. வீட்ல சொன்னா திட்டுவாங்கன்னு சொல்லல"ன்னா. மூஞ்சியைப் பார்த்து உக்காந்திருந்தா சொல்லியிருக்க மாட்டான்னு நெனைக்கறேன். எனக்கு உடனே வாய் வந்துடுச்சு: எந்த கோர்ஸ், எவ்வளவு ஃபீஸ், நான் விசாரிக்கறேன், என் ஃப்ரெண்ட் ஒருத்தன் இருக்கான். கன்ட்ரோலரை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "என்ன மாதிரி டிசைன்?"னு மட்டும் கேட்டேன். அன்னிக்கு ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் பேசினா. கேம் பாட்டுக்கு பாஸ் ஆகி நின்னுக்கிட்டிருந்துச்சு.

மூணாவது ஆக்ட் முடியும்போது லியாவுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், இங்கயும் சொல்லப் போறதில்ல. அது நடந்தப்ப அவ கன்ட்ரோலரை மடில வச்சுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல? ஒரு வார்த்தை கூட சொல்லல?"ன்னா.

"நீ கேக்கல."

"தேறிட்டீங்க"ன்னா. பி.இ. பாஸ் பண்ணப்ப கூட இவ்வளவு சந்தோஷப்பட்டதில்ல சார்.

பக்கத்து சீட்டுப் பையன் எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரி பாஸ், கிளாஸை அவளே எடுக்கட்டும். அப்ப நான் எந்த கிளாஸ் எடுக்கறது?"ன்னான்.

"உனக்கு எது தெரியாதோ அதை எடு"ன்னேன்.

உங்க வீட்லயும் இந்த மாதிரி கதை இருந்தா வந்து சொல்லிட்டுப் போங்க. திட்டறதா இருந்தாலும் பரவால்ல.

பி.கு. 1: தங்கமணி சனிக்கிழமை டிசைன் கிளாஸ் போக ஆரம்பிச்சிருக்கா. எந்த கோர்ஸுன்னு அவளேதான் தேடிப் பிடிச்சா.

பி.கு. 2: எனக்கு இன்னும் ரிவர்ஸ் எடுக்க வரல. அவ இன்னும் ஸ்டியரிங்கைத் தொடல.